எஞ்சினை இறக்குமுன் சேசிஸைப் பாருங்கள்

மன்னார்த் தீவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கெப் வாகனங்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. டொயோட்டா ஹைலக்ஸ், நிஸான், மிட்சுபிசி, இசுசு என்று பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் தலைமன்னாரிலும் மீன்பெட்டி, ஐஸ், வலை, தண்ணீர்த் தாங்கி, சீமெந்து என்று எதைத் தூக்கிப் போட்டாலும் சுமந்து போகிற வண்டிகள் இவை. இவற்றில் பல இருபது, முப்பது வயதைக் கடந்தவை. ஒரு கட்டத்தில் எஞ்சின் புகைக்கத் தொடங்கும், காலையில் ஸ்டார்ட் எடுக்க அடம்பிடிக்கும், ஒயில் குடிக்கும். அப்போது உரிமையாளரின் முன்னால் அந்தக் கேள்வி வந்து நிற்கும்: எஞ்சினை இறக்கி முழுதாகச் செய்வதா, வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிட்டு லீசிங்கில் வேறொன்று எடுப்பதா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்யலாம், பல வண்டிகளுக்குச் செய்வதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அந்த முடிவை எஞ்சினைப் பார்த்து எடுக்கக் கூடாது. சேசிஸைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இந்தக் கரையோரத்தில் ஒரு வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது சேசிஸ். எஞ்சின் எத்தனை முறை தேய்ந்தாலும் திரும்பப் புதுப்பிக்கலாம், சேசிஸை அப்படிச் செய்ய முடியாது.

இது ஏன் மன்னாருக்குக் குறிப்பாகப் பொருந்துகிறது என்பதை விளங்கிக்கொள்ள உப்பிலிருந்து தொடங்க வேண்டும். மன்னார் வறண்ட பிரதேசம், மழை குறைவு, ஆகவே துருவும் குறைவாகத்தான் இருக்கும் என்று வெளியிலிருந்து வருபவர்கள் நினைப்பதுண்டு. இரும்பு துருப்பிடிக்க மழை தேவையில்லை, ஈரம் இருந்தால் போதும். அந்த ஈரத்தை உப்பே காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். சாதாரண உப்பாகிய சோடியம் குளோரைட்டு, காற்றின் சாரீரப்பதன் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் நீரை இழுத்துக் கரையத் தொடங்குகிறது. கடலுப்பில் அதனுடன் மகனீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது. அது சுமார் 33 சதவீதத்திலேயே ஈரத்தைப் பிடித்துவிடும். அதாவது, கடல்காற்று கொண்டுவந்து சேசிஸில் ஒட்டவைத்த உப்புப் படலம் வெயிலில் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் முழுதாகக் காய்வதேயில்லை. இரவானதும் அது மீண்டும் மெல்லிய உப்புநீராகிவிடும். சோளகம் வீசும் மாதங்களில் தென்கரையும் வாடை வீசும் மாதங்களில் வடகரையும் இந்தப் படலத்தை நாள்தோறும் புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றன. தீவையும் பெருநிலப்பரப்பையும் இணைக்கும் சுமார் 3 கிலோமீற்றர்ப் பாதையிலும் இருபுறமும் கடல்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்த வண்டிக்கு உப்பிலிருந்து தப்ப வழியில்லை.

காற்று கொண்டுவருவது போதாதென்று, சுமையும் உப்பைக் கொண்டுவருகிறது. ரெஜிபோம் பெட்டியில் மீனும் ஐஸும் அடுக்கிப் பின்தட்டில் ஏற்றினால், ஐஸ் உருகி வடியும் நீர் மீனில் ஒட்டிவந்த கடல்நீரையும் சேர்த்துக்கொண்டு தட்டின் மூலைகளாலும் ஆணித் துளைகளாலும் கீழே இறங்கும். நேரே விழுவது பின் அச்சுக்கு மேலே வளைந்து போகும் சேசிஸ் சட்டங்களிலும், வில்தகடுகளைத் தாங்கும் கொளுக்கிகளிலும், பிரேக் குழாய்களிலும்தான். கெப் வண்டியின் சேசிஸ் சட்டம் பல இடங்களில் மூடிய பெட்டி வடிவில் இருக்கும். கரைக்கு இறங்கும் மணல்பாதையில் ரயர் வாரியடிக்கும் மணல் துளைகளின் வழியே அதற்குள் போய்த் தங்கும். தங்கிய மணல் உப்புநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதனால் சட்டம் வெளியிலிருந்து அரிபடுவதைவிட உள்ளிருந்து அரிபடுவது அதிகம். வெளியே கறுப்பு வர்ணம் பளபளக்கும், உள்ளே இரும்பு தாள்போல மெலிந்திருக்கும். எஞ்சினின் நிலைமை இதற்கு நேர்மாறு. அதன் தேயும் பாகங்கள் எல்லாம் ஒயிலில் குளித்துக்கொண்டிருப்பவை. வெளியே ப்ளொக் துருநிறமாகத் தெரிந்தாலும் அது கனமான வார்ப்பிரும்பு. அந்த மேற்பரப்புத் துரு அதன் பலத்தைத் தொடுவதில்லை.

இது வெறும் ஊகமல்ல என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்று வலுவான சான்று. அங்கே குளிர்காலத்தில் பனியை உருக்க வீதிகளில் உப்புக் கொட்டுகிறார்கள். நமக்குக் கடல் செய்கிற வேலையை அவர்களுக்கு வீதி செய்கிறது. டொயோட்டாவின் டகோமா பிக்கப்களின் சேசிஸ் அளவுக்கு மீறித் துருப்பிடிக்கிறது என்ற முறைப்பாடுகள் குவிந்தபோது, 1995 முதல் 2000 வரையான வண்டிகளில் மிக மோசமானவற்றை அந்த நிறுவனம் 2008இல் சந்தை விலையின் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது. பிறகு வந்த டகோமா, டுன்ட்ரா, செக்கொயா வண்டிகள் தொடர்பான வழக்கில், 2016இல், சுமார் 15 இலட்சம் வாகனங்களுக்காக ஏறத்தாழ 340 கோடி டொலர் வரை செலவாகக்கூடிய ஓர் இணக்கத்துக்கு வந்தது. அந்த வழக்கு எஞ்சின்களைப் பற்றியதல்ல, சேசிஸைப் பற்றியது.  உலகத்திலேயே பெரிய வாகன உற்பத்தியாளர்களில் ஒருவருக்கே, எல்லா இயந்திரங்களும் பொறியியலாளர்களும் கைவசம் இருந்தும், அரித்துப்போன சட்டத்தைத் திருத்துவதைவிட வண்டியையே திரும்ப வாங்குவது இலகுவாகப் பட்டிருக்கிறது. மன்னார் பட்டினத்தில் வெல்டிங் வேலை செய்யும் ஒருவரிடம் அதே சட்டத்தைக் கொடுத்துவிட்டு அதிசயத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆகவே முதல் வேலை, கராஜில் எஞ்சினைக் கழற்றச் சொல்வதற்கு முன் வண்டியைத் தூக்கி நிறுத்திக் கீழே படுத்துப் பார்ப்பது. கம்பித் தூரிகையால் மண்ணையும் பழைய வர்ணத்தையும் சுரண்டிவிட்டு, சிறு சுத்தியலால் சட்டத்தின் நீளம் முழுக்கத் தட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், சுத்தியல் துள்ளித் திரும்பும். அரித்த இடத்தில் சத்தம் மந்தமாகும், தகடு தகடாகத் துரு உதிரும், சில இடங்களில் சுத்தியல் முனை உள்ளே இறங்கியே விடும். கேபினுக்குப் பின்னாலுள்ள பகுதி, பின் அச்சின் மேல்வளைவு, வில்தகட்டுக் கொளுக்கிகள் பொருந்தும் இடம், ஸ்டியரிங் பெட்டி பூட்டியிருக்கும் இடம் ஆகிய நான்கையும் அவசரமில்லாமல் பாருங்கள். நேரான, பாரம் குறைந்த ஓரிடத்தில் மட்டும் சிறு அரிப்பு இருந்தால் அதை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல இரும்பு வரை போய்த் தகடு வைத்து ஒட்டலாம். கொளுக்கிகளின் அடியிலோ ஸ்டியரிங் பெட்டியின் அருகிலோ உள்ளிருந்து மெலிந்திருந்தால் அத்தோடு கணக்கை முடித்துவிடுங்கள். மெலிந்த இரும்பில் வெல்டிங் பிடிக்காது, பிடித்ததுபோல இருந்தாலும் அதன் ஓரத்தில் வெடிக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு எஞ்சின் செய்வது, அத்திவாரம் பிளந்த வீட்டுக்குப் புதுக் கூரை போடுவதற்குச் சமம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சேசிஸ் இலக்கம் அந்த இரும்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. எஞ்சின் இலக்கமும் பதிவுச் சான்றிதழில் உண்டு என்றாலும், எஞ்சினை மாற்றினால் உரிய ஆவணங்களைக் கொடுத்து மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்திக்கொள்ளலாம். திணைக்களத்தின் கண்ணில் அந்த வண்டி எது என்பதற்கு அடையாளமாக நிற்பது சேசிஸ் இலக்கம். அதை வெட்டி ஒட்டினாலோ வேறு சேசிஸ் வைத்தாலோ வண்டி அதே வண்டிதானா என்ற கேள்வி எழும், விற்கும்போது அது உங்களையே தேடி வரும். அதனால் சேசிஸ் தேறவில்லையென்றால் வருத்தப்பட்டாலும் அங்கேயே நிறுத்துவதுதான் சரி. சேசிஸ் தேறிவிட்டால், அதன் பிறகு எஞ்சினைப் பற்றிப் பேசுவதற்கு நிறைய இருக்கிறது. பேச்சும் நம்பிக்கையாகவே போகும்.

பழைய டீசல் எஞ்சின்கள் திருத்துவதற்காகவே வடிவமைக்கப்பட்டவைபோல இருக்கும். ஹைலக்ஸ்களில் வந்த எல் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள்: 2446 சீசீ கொண்ட 2எல், 2779 சீசீ கொண்ட 3எல், 2986 சீசீ கொண்ட 5எல். எல்லாமே வார்ப்பிரும்பு ப்ளொக், எல்லாமே கம்ப்யூட்டர் இல்லாமல் ஓடக்கூடிய இயந்திரப் பம்ப். சிலிண்டர் தேய்ந்தால் அரை மில்லிமீற்றர் அகலமாகக் கடைந்து, அந்த அளவுக்கு என்றே தயாரிக்கப்பட்ட பெரிய பிஸ்டனைப் போடலாம். அதற்கு மேலும் தேய்ந்தால் லைனர் இறக்கலாம். கிராங்க் தேய்ந்தால் கால் மில்லிமீற்றர் சீவி, அதற்கேற்ற தடித்த பெயரிங்கைப் போடலாம். நிஸானின் 2663 சீசீ டிடி27 எஞ்சினும் இதே குணம்தான். அதில் டைமிங் பெல்ட் கூடக் கிடையாது, பற்சக்கரங்களே அந்த வேலையைச் செய்கின்றன. ஒரு நல்ல லேத் பட்டறையும் அளவு தெரிந்த ஒரு கையும் இருந்தால் இவற்றைத் தொழிற்சாலை அளவுக்கு மிக அருகில் திரும்பக் கொண்டுவரலாம். புதிய கொமன் ரெயில் டீசல்களில் இந்தச் சலுகை இல்லை. அவற்றின் இன்ஜெக்டர் ஒன்று பழுதானாலே மாற்றுவதுதான் வழக்கம், மாற்றும் விலையும் பயமுறுத்தும்.

எஞ்சின் என்பது மனிதக் கைகளால் உயிர்ப்பிக்கக்கூடியது என்பதற்கு நம் வடக்கின் வரலாறே சாட்சி. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகம் எல்லாம் யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் போவது தடுக்கப்பட்டிருந்தது. மன்னார் பெருநிலப்பரப்பின் பல ஊர்களும் அதற்குள் அகப்பட்டிருந்தன. அப்போது ஒஸ்டின்களும் மொரிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் கொண்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய பெற்றோல் எஞ்சின் என்பதால் அது முடிந்தது. கிடைக்காத உதிரிப்பாகத்தை வேறொன்றிலிருந்து கடைந்து எடுத்தார்கள். அந்த நெருக்கடியை அழகுபடுத்த எனக்கு விருப்பமில்லை, எவரும் அப்படி வாழ வேண்டியிருந்திருக்கக் கூடாது. ஆனால் அதில் கற்ற தொழில் வடக்கின் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அளந்து, கடைந்து, பொருத்திச் செய்யும் அந்தத் திறமைக்கு ஒரு விலை இருக்கிறது. எஞ்சினைப் புதுப்பிக்கலாம் என்று நான் சொல்லும்போது அந்தத் திறமையையும் கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

யாழ்ப்பாணமும் கடற்கரைதானே, அந்தக் கார்கள் அரை நூற்றாண்டு தாக்குப்பிடிக்கவில்லையா, பிறகு ஏன் சேசிஸைப் பற்றி இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் கார்கள் பெரும்பாலும் வீட்டுக் கொட்டகையில் நின்றவை, ஆட்களை ஏற்றியவை, கிணற்று நீரில் கழுவித் துடைக்கப்பட்டவை. அவற்றின் முதுகில் தினமும் உப்புநீர் வடியவில்லை. ஒரு தொன் பாரத்தை ஏற்றிக்கொண்டு மணல்பாதையில் அவை இறங்கவுமில்லை. அந்தக் கார்கள் நிரூபிப்பது என் வாதத்தைத்தான்: உடலைக் காப்பாற்றினால் எஞ்சினை எத்தனை முறையும் செய்துகொள்ளலாம். மீன் சுமந்த கெப் வண்டியும் கொட்டகையில் நின்ற காரும் ஒரே வயதாக இருந்தாலும், உப்பைப் பொறுத்தவரை ஒரே வயதல்ல.

சரி, சேசிஸ் தேறிவிட்டது. அடுத்தது, எஞ்சின் உண்மையிலேயே இறக்க வேண்டிய நிலையில் இருக்கிறதா என்று அளப்பது. புகை வந்தாலே எஞ்சின் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்றுக் குறைவு. நொசிலையும் பம்பையும் எயர் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். மன்னார் மணலில் ஓடும் வண்டிக்கு எயர் ஃபில்டர் அடைபடுவது சர்வசாதாரணம். வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசல் அல்லது சிலிண்டருக்குள் நீர். நீலப் புகைதான் ஒயில் எரிவதன் அடையாளம். அதிலும் வால்வு சீலால் ஒயில் இறங்குகிறதா, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஏறுகிறதா என்று பிரித்தறிய வேண்டும். அதற்கு கொம்ப்ரெஷன் சோதனை இருக்கிறது. எல் வரிசை எஞ்சினுக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு 32 கிலோகிராம் நல்ல நிலை, 20 குறைந்தபட்ச எல்லை, சிலிண்டருக்குச் சிலிண்டர் வேறுபாடு 5ஐத் தாண்டக் கூடாது. நான்கு சிலிண்டரும் 27, 28 என்று ஒன்றுபோல நின்றால் அந்த எஞ்சினை இறக்காதீர்கள், நோய் வேறெங்கோ இருக்கிறது. மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் 15க்கு விழுந்திருந்தால், அந்தச் சிலிண்டரில் சிறிது ஒயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஏறினால் ரிங் பக்கம், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் பக்கம் சந்தேகப்படலாம். ஹெட்டை மட்டும் கழற்றித் திருத்துவதற்கும் முழு எஞ்சினையும் இறக்குவதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு. நான்குமே 20க்குக் கீழே போய், ஓடும் எஞ்சினில் ஒயில் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று வந்தால்தான் முழு வேலை.

இங்கே மன்னாரில் எஞ்சின் கெடுவதற்கான இன்னொரு காரணத்தையும் கவனிக்க வேண்டும். தீவின் நிலத்தடி நன்னீர் கடல்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. பல கிணறுகளில் உவர்நீர்தான். ரேடியேற்றரில் தண்ணீர் குறைந்தால் பக்கத்துக் கிணற்றில் அள்ளி ஊற்றும் பழக்கம் இந்த எஞ்சின்களுக்குச் செய்கிற கெடுதி கொஞ்சமல்ல. உவர்நீர் உள்ளே படிவத்தை உண்டாக்கும், ரேடியேற்றரின் நுண்குழாய்களை அடைக்கும், இரும்பை அரிக்கும். வெயிலில் பாரம் ஏற்றிப் போகும்போது சூடு ஏறி, ஹெட் வளையும் அல்லது வெடிக்கும். இப்படிச் சூட்டால் போன எஞ்சினுக்குப் புதுப் பிஸ்டனும் ரிங்கும் போட்டுவிட்டு, பழைய ரேடியேற்றரையே திரும்பப் பூட்டினால் அதே கதை ஓரிரு வருடத்தில் மறுபடி நடக்கும். எஞ்சின் செய்து சரிவரவில்லை என்று ஊரில் சொல்லப்படும் புகார்களைக் கேட்கும்போது நான் முதலில் கேட்க விரும்புவது இதைத்தான்: எது எஞ்சினைக் கெடுத்ததோ அதைத் திருத்தினீர்களா? ரேடியேற்றர், தேர்மோஸ்டாற், வோட்டர் பம்ப், ஹோஸ், எயர் ஃபில்டர்ப் பெட்டியின் றபர் எல்லாம் எஞ்சின் வேலையின் பகுதிதான். அவற்றுக்கு வேறு கணக்கு வைக்கக் கூடாது.

இனிப் பணத்தைப் பார்ப்போம், இதில்தான் மாற்றுக் கருத்து அதிகம். எஞ்சினுக்குக் கொட்டும் பணத்தை முற்பணமாகக் கட்டினால் புதிய வண்டி வீட்டுக்கு வந்துவிடுமே என்பார்கள். வரும், ஆனால் கடனோடு வரும். அரசாங்கம் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் டொலர் 180 சொச்சம் ரூபாயிலிருந்து 300 அளவுக்குப் போனது. அதன்மேல் சுங்க வரி, உற்பத்தி வரி, 18 சதவீதப் பெறுமதி சேர் வரி என்று அடுக்கினால் புதிதாக வரும் கெப் வண்டி ஒரு சிறு மீன் வியாபாரியின் கைக்கு எட்டுகிற பொருளாக இல்லை. பழையவற்றின் விலையும் அதோடு சேர்ந்தே ஏறியிருக்கிறது. சந்தையில் கிடைக்கும் இன்னொரு பழைய கெப்பை வாங்கினால், அதுவும் எந்தக் கரையில் என்ன சுமந்தது என்று தெரியாத வண்டிதான். உங்கள் வண்டியின் குறையாவது உங்களுக்குத் தெரியும்.

கடன் மாதாமாதம் தவறாமல் வரும், வருமானம் அப்படி வராது என்பதை 2022 எல்லோருக்கும் காட்டியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாயாக இருந்த ஓட்டோ டீசல் ஜூன் முடிவில் 460 ரூபாய் ஆனது. அந்த விலைக்கும் கிடைக்காமல் வரிசையில் நின்றார்கள். பிறகு கியூஆர் முறையில் பங்கீடு வந்தது, அது 2023 ஓகஸ்ட் வரை இருந்தது. டீசல் இல்லாமல் படகு கரையில் கிடந்தால் கெப்புக்கும் ஓட்டமில்லை. சொந்த வண்டியை நிறுத்தி வைத்தவருக்கு அது வருமான இழப்பு. லீசிங்கில் எடுத்து நிறுத்தி வைத்தவருக்கு அது வண்டியையே இழக்கும் ஆபத்து. கடற்றொழிலைச் சார்ந்த வருமானம் காற்றுக்கும் கடலுக்கும் ஏற்ப ஏறி இறங்குவது. அப்படிப்பட்ட தொழிலுக்கு மாறாத தவணைக் கட்டணம் பொருத்தமில்லாத சுமை. எஞ்சின் வேலை ஒருமுறைச் செலவு. அதைப் பகுதி பகுதியாகச் சேர்த்துச் செய்யலாம், செய்து முடித்தால் யாருக்கும் கடன்பட்டிருக்க வேண்டியதில்லை. என் வாதத்தில் நான் அதிகம் பாரம் வைப்பது இந்தச் சுதந்திரத்தின் மீதுதான்.

இதற்கு வரும் அடுத்த எதிர்வாதம், எதற்கு இவ்வளவு பாடு, கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் எஞ்சின் ஒன்றை வாங்கித் தூக்கி வைத்தால் போதாதா என்பது. நேரம் மிச்சம் என்பது உண்மை. வண்டி நாட்கணக்கில் நிற்காது. ஆனால் அந்த எஞ்சின் எத்தனை கிலோமீற்றர் ஓடியது, எப்படிப் பராமரிக்கப்பட்டது என்று விற்பவருக்கே தெரியாது. வெளியே நீராவியில் கழுவி வர்ணம் பூசியிருப்பதை வைத்து உள்ளே சிலிண்டரின் நிலையைச் சொல்ல முடியாது. இலக்கம் மாறுவதால் சுங்க ஆவணம், பதிவுத் திருத்தம் என்று அலைச்சலும் உண்டு. உங்கள் ப்ளொக்கைக் கடைந்து செய்தால் இலக்கம் மாறாது, உள்ளே போட்ட ஒவ்வொரு பாகமும் எது என்று உங்களுக்குத் தெரியும். ப்ளொக் வெடித்திருந்தால் அல்லது கிராங்க் சீவும் எல்லையைத் தாண்டியிருந்தால் மட்டும் மாற்று எஞ்சினை யோசிக்கலாம். அப்போதும் ஆவணத்தோடு வாங்குங்கள், பூட்டுமுன் கொம்ப்ரெஷன் அளந்து பாருங்கள்.

இன்னொரு பக்கத்திலிருந்து வரும் யோசனை, முழுதாகச் செய்யத் தேவையில்லை, ரிங் மட்டும் மாற்றினால் ஓடும் என்பது. ஓடும், கொஞ்ச காலம். சிலிண்டர் தேய்வது மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக அல்ல. மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் கூட. எயர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போன நுண்மணல் அந்த இடத்தை இன்னும் வேகமாகச் சாப்பிடும். விரலை விட்டுத் தடவினாலே ஹெட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு விளிம்பு தட்டுப்படும். அப்படி முட்டைவடிவமாகவும் கூம்பாகவும் போன சிலிண்டரில் புது வட்ட ரிங் சுற்றிவர ஒட்டாது. ஒட்டாத இடத்தால் ஒயில் ஏறும், அழுத்தம் இறங்கும். ஆகவே அளவுகருவியால் அளந்து, எல்லைக்குள் இருந்தால் ரிங், தாண்டியிருந்தால் கடைதல் என்று எண்ணைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பாதி வேலைக்கு ஆகும் கூலியும் கேஸ்கட் செட்டும் முழு வேலைக்கும் ஏறத்தாழ அதேதான். பாதி வேலை செய்து திரும்ப இறக்கினால் அந்தச் செலவு இரட்டிப்பாகும். பணம் போதவில்லையென்றால் வண்டியை நிறுத்தி வைத்துச் சேர்த்துச் செய்வது அரைகுறையாகச் செய்வதைவிட நல்லது.

பாதுகாப்பு, சுற்றுச்சூழல் பற்றிய மறுப்பு இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விடக் கனமானது, அதை ஒதுக்கித் தள்ள நான் தயாரில்லை. பழைய கெப்பில் காற்றுப்பை இல்லை, ஏபிஎஸ் இல்லை, இடித்தால் ஓட்டுநரைக் காக்கும் வடிவமைப்பும் இன்றைய தரத்துக்கு இல்லை. இதனால்தான் எஞ்சின் வேலைக்குப் பட்ஜெட் போடும்போது பிரேக் குழாய்கள், மாஸ்டர் சிலிண்டர், ஸ்டியரிங் மூட்டுகள், ரயர், இருக்கைப்பட்டி இவற்றையும் அதே தாளில் எழுத வேண்டும் என்கிறேன். பலம் திரும்பிய எஞ்சினும் பலமிழந்த பிரேக்கும் சேர்ந்தால் முன்பைவிட ஆபத்து. தினமும் இரவில் மதவாச்சி வழியாகக் கொழும்புக்கு மீன் கொண்டு ஓடுபவருக்கு என் ஆலோசனை வேறு: அந்த ஓட்டத்துக்குப் பழைய கெப் வேண்டாம், புதிய வண்டியின் கடனுக்கு அங்கே நியாயம் இருக்கிறது. நான் பேசுவது தீவுக்குள்ளும், முருங்கன், வவுனியா வரைக்கும் போய்வரும் வண்டிகளைப் பற்றி. புகையைப் பொறுத்தவரை, ஒழுங்காகச் செய்த எஞ்சின் தேய்ந்த எஞ்சினைவிடக் குறைவாகவே புகைக்கும். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்துக்கு எடுக்கும் புகைப் பரிசோதனையே அதற்குச் சாட்சி சொல்லும்.

தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பண்ணையின் 30 காற்றாலைகள் சுழல்கின்றன, நூறு மெகாவாட் வரை மின்சாரம் இங்கேயே உருவாகிறது, மின்சார வண்டிக்குக் காத்திருக்கலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். அந்த எதிர்காலம் வரவேண்டும் என்று நானும் விரும்புகிறேன். தலைமன்னாரிலிருந்து மன்னார் பட்டினத்துக்கு முப்பது கிலோமீற்றர் அளவுதான், இப்படிப்பட்ட குறுந்தூர ஓட்டம் மின்சாரத்துக்கு ஏற்றது. ஆனால் ஒரு தொன் சுமக்கும் மின்சாரக் கெப், அதைத் திருத்தத் தெரிந்த கராஜ், சாதாரண ஆளுக்கு எட்டும் விலை மூன்றும் இந்தத் தீவில் ஒன்றுசேர இன்னும் காலம் எடுக்கும். அதுவரை மீன் காத்திருக்காது. இருக்கும் வண்டியை இன்னும் சில ஆண்டுகள் ஓடவைப்பது, அந்த மாற்றம் வரும்போது கடனில்லாமல் அதற்குள் நுழைய உதவும். இன்றைக்குப் புதிய டீசல் கெப்புக்குக் கடன்பட்டவர்தான் அன்றைக்கு மாற முடியாமல் நிற்பார்.

எல்லாவற்றையும் திரட்டிச் சொன்னால் வரிசை இதுதான். முதலில் சேசிஸ். அது தேறாவிட்டால் எஞ்சினுக்கு ஒரு சதமும் செலவழிக்காதீர்கள், வண்டியைப் பாகம் பாகமாக விற்றுவிடுங்கள். நல்ல எஞ்சினுக்குத் தனியாகவே விலை உண்டு. தேறினால் கொம்ப்ரெஷனை அளந்து, நோய் எங்கே என்று கண்டுபிடியுங்கள். முழு வேலை தேவைப்பட்டால், எஞ்சினைக் கெடுத்த காரணத்தையும் பிரேக்கையும் சேர்த்து ஒரே கணக்காகப் போட்டு முழுதாகச் செய்யுங்கள். எஞ்சின் வெளியே இருக்கும் நாட்களில் சேசிஸின் முன்பகுதி திறந்து கிடக்கும். அந்த நேரத்தில் சட்டத்தின் உள்ளே இருக்கும் மணலை நன்னீரால் அடித்து வெளியேற்றி, காயவிட்டு, உள்ளேயும் வெளியேயும் துருத்தடுப்புப் பூசுங்கள். இந்த வேலைக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் அந்த வண்டியின் வாழ்நாளில் கிடைக்காது. வேலை முடிந்து வந்ததும் முதல் ஆயிரம் கிலோமீற்றருக்கு முழுப் பாரம் ஏற்றாமல் ஓட்டி, ஒயிலை மாற்றுங்கள். ரேடியேற்றருக்குக் கிணற்று நீரை மறந்துவிட்டுக் கூலன்ட் ஊற்றுங்கள். மீன் இறக்கிய ஒவ்வொரு நாளும் பின்தட்டையும் அடியையும் நன்னீரால் கழுவுங்கள். நன்னீர் அருமையான ஊரில் இதைச் சொல்வது எளிதல்ல என்று தெரியும். ஆனால் இரண்டு வாளி நல்ல தண்ணீர் காப்பாற்றும் இரும்பை எந்தக் கராஜாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. தேய்ந்த எஞ்சினுக்கு நம்மிடம் ஆட்களும் பட்டறையும் உண்டு. சேசிஸைக் காக்கும் பொறுப்பு வண்டிக்காரருடையது, அதைச் செய்திருப்பவர் எஞ்சினை நம்பி இறக்கலாம்.